புளியாத திராட்சரசம்: 1869ஆம் ஆண்டுச் சமையலறைச் சோதனையும் திருவிருந்து மேசையும்

திருவிருந்துப் பாத்திரத்தில் வார்க்கப்பட வேண்டியது புளித்த திராட்சரசமா, புளியாத சாறா என்னும் வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் புரொட்டஸ்டண்டுத் திருச்சபைகள் பல்லாண்டுகள் விவாதித்தன. எபிரேயச் சொற்களையும் கிரேக்கச் சொற்களையும் ஆராய்ந்து நூல்கள் எழுதப்பட்டன. அவற்றுக்கு மறுப்புகளும் எழுதப்பட்டன. ஆயினும் அமெரிக்கச் சபைகள் பலவற்றில் அவ்விவாதத்தை நடைமுறையில் முடித்துவைத்தவர் வேத வல்லுநர் எவருமல்லர். நியூஜெர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் சிற்றூரில் பல் மருத்துவம் செய்துவந்த ஒருவர், 1869ஆம் ஆண்டில், தம் மனைவியோடும் மகனோடும் வீட்டுச் சமையலறையில் திராட்சைச் சாற்றைப் புட்டிகளில் அடைத்து, அது புளிக்காமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்த்தார். அவர் பெயர் தாமஸ் பிராம்வெல் வெல்ச். திருச்சபை வரலாற்றுப் பாடங்களில் சங்கங்களும் விசுவாச அறிக்கைகளும் பெறும் இடத்தை அடுப்பும் புட்டியும் பெறுவதில்லை. இந்த ஒரு நிகழ்ச்சியிலேனும் அவற்றுக்குரிய இடத்தை அளிப்பது தகும்.

1826இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் நிறுவப்பட்டபோது, அதன் எதிர்ப்பு வாலைவடி சாராயத்தின் மேல்தான் இருந்தது. திராட்சரசமும் பீரும் ஒழுக்கமுள்ள இல்லங்களின் மேசையில் வைக்கத்தக்கவை என்றே பலரும் கருதினர். பத்தாண்டுகளுக்குள் நிலை மாறிற்று. அளவான குடி என்பது கூடாது, முற்றும் விலகுவதே வழி என்னும் கொள்கை வலுப்பெற்றது. வெறியூட்டும் பானம் எதையும் தொடேன் என்று சனிக்கிழமை மாலை உறுதிமொழியில் கையொப்பமிட்ட ஒருவர், ஞாயிறு காலை கர்த்தருடைய மேசையில் அதே பானத்தை அருந்துவது எப்படி? கேள்வி நியாயமானதே.

இதற்கு விடையாக எழுந்ததே இருவகை ரசக் கொள்கை. யூனியன் கல்லூரித் தலைவர் எலிபலெட் நாட், ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் எபிரேயப் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட் ஆகியோர் இதனை முன்வைத்தவர்களில் முக்கியமானவர்கள். வேதத்தில் புகழப்படும் ரசம் புளியாதது, கண்டிக்கப்படும் ரசம் புளித்தது என்பதே அதன் சாரம். இங்கிலாந்தில் வெளிவந்த 'பாக்கஸ்', 'ஆன்ட்டி-பாக்கஸ்' என்னும் இரு நூல்கள் இக்கருத்தைப் பரப்பின. பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஜான் மெக்ளீன் 1841இல் அவ்விரண்டையும் விரிவாக மறுத்தார். விவாதம் ஓயவில்லை. 1868இல், அதாவது வெல்ச்சின் சோதனைக்கு ஓராண்டுக்கு முன்பு, லீஸ், பர்ன்ஸ் என்னும் இருவர் மதுவிலக்கு நோக்கில் வேதம் முழுமைக்கும் ஒரு விளக்கவுரையே வெளியிட்டனர்.

இந்நூல்கள் எவ்வளவு மெய்ப்பித்தாலும், அவற்றை நம்பிய போதகருக்கும் ஒரு சங்கடம் எஞ்சியது. மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பொது மாநாடு 1864இல் திருவிருந்தில் தூய திராட்சைச் சாற்றையே பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. ஆனால் அந்தத் தூய சாறு எங்கே கிடைக்கும்? கொடியில் பழமிருக்கும் சில வாரங்களில் பிழிந்து வைக்கலாம். மற்ற மாதங்களில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்தார்கள். இல்லையேல், கடையில் கிடைத்த ரசத்தையே வாங்கினார்கள். கடைச் சரக்கில் என்னென்ன கலந்திருந்தது என்பது வேறு கதை.

இச்சங்கடத்தைப் பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாளையிலிருந்து வடியும் பால் ஒன்றே. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் விடியுமுன்னே கள். பதநீரும் அன்றன்றைக்குக் குடிக்கத்தக்கதே. நாள் கடந்து வைக்க வேண்டுமாயின் காய்ச்சிக் கருப்பட்டியாக்கிவிட வேண்டும். திராட்சைக்கும் இதுவே விதி. பழத்தின் தோலின்மேல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே தங்கியிருக்கிறது. பழம் நசுங்கியதும் அது சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. வெப்பமான காலத்தில் ஓரிரு நாட்களிலேயே நுரை தோன்றிவிடும். எனவே புளிப்பது இயல்பு. புளியாதிருப்பதற்குத்தான் முயற்சி வேண்டும்.

அம்முயற்சிக்கு வழி காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். உணவுப் பொருள்களைக் கண்ணாடிப் புட்டியிலிட்டுத் தக்கையால் இறுக மூடிக் கொதிநீரில் வைத்தால் கெடுவதில்லை என்று அவருடைய நாட்டவராகிய நிக்கோலா அப்பேர் 1810லேயே நூல் எழுதியிருந்தார். ஆனால் ஏன் கெடுவதில்லை என்பது அப்பேருக்குத் தெரியாது. 1857 முதல் பாஸ்டர் செய்த ஆராய்ச்சிகளே நொதித்தல் நுண்ணுயிரின் செயல் என்பதை நிலைநாட்டின. 1863இல் மூன்றாம் நெப்போலியனின் வேண்டுகோளின்படி அவர் திராட்சரசத்தின் நோய்களை ஆராய்ந்தார். ரசத்தைக் கொதிநிலைக்கு வெகு கீழே, 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் அதைக் கெடுக்கும் உயிரிகள் மடியும் என்று கண்டு, 1866இல் நூலாக வெளியிட்டார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஸ்டர் மதுவுக்குப் பகைவரல்லர். திராட்சரசம் உடல்நலத்துக்கு உகந்த பானம் என்று கருதியவர். நல்ல ரசத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் கண்ட முறையை, ரசமே உண்டாகாமல் தடுப்பதற்கு வெல்ச் எடுத்துக்கொண்டார்.

வெல்ச் இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரியில் 1825இல் பிறந்தவர். கர்த்தர் கடைசி இராப்போஜனத்தில் பயன்படுத்திய பாத்திரத்தை அரிமத்தியா யோசேப்பு கொண்டு வந்ததாக இடைக்காலக் கதைகள் கூறும் ஊர் அது. கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆயினும் இவர் பிறந்த ஊர் அதுவாக அமைந்தது சுவையானதே. சிறு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்ற அவர், வெஸ்லியன் மெதடிஸ்டுக் கூட்டமைப்பில் போதகரானார். அடிமை முறையை மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் திருச்சபை உறுதியாகக் கண்டிக்காமையால் 1843இல் பிரிந்து வந்தவர்கள் அமைத்தது அது. மதுவையும் அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். தப்பியோடிய அடிமைகளுக்கு வழித்துணை செய்த மறைமுகப் பணியிலும் வெல்ச் பங்கு கொண்டார். இவ்விரு எதிர்ப்புகளையும் அவர் ஒன்றாகவே கண்டார் என்பதை நாம் மறக்கலாகாது. மனிதனை விலைக்கு வாங்கும் ஆண்டையும் மனிதனைச் சிறைப்படுத்தும் புட்டியும் அவர் கண்களில் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் மதுவிலக்காளரை நகைத்தவர்கள் இந்த வேரை அறியாமல் நகைத்தார்கள்.

குரல் கெட்டமையால் அவர் பிரசங்கப் பணியை விட வேண்டியதாயிற்று. மருத்துவம் கற்றார், பின்பு பல் மருத்துவரானார். 1860களின் இறுதியில் வைன்லாந்தில் குடியேறி, அங்கிருந்த மெதடிஸ்டுச் சபையில் திருவிருந்துப் பொருள்களை ஆயத்தம் செய்யும் பொறுப்பை ஏற்றார். வைன்லாந்து 1861இல் சார்லஸ் லேண்டிஸ் என்பவர் திட்டமிட்டு அமைத்த ஊர். அதன் பெயருக்குத் திராட்சைக்கொடி நாடு என்பது பொருள். திராட்சை பயிரிடுவோரையே அவர் அங்கே வரவழைத்தார். ஆனால் ஊரில் மது விற்பனைக்கு இடமில்லை. திராட்சை மிகுந்த ஊர், மதுவில்லாத ஊர்: சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திராது. திருவிருந்துக்கு வந்து தம் இல்லத்தில் தங்கிய ஒரு விருந்தினர், பாத்திரத்தில் பெற்ற ரசத்தால் பழைய தாகம் மீண்டு வெறித்துப் போனதைக் கண்டே வெல்ச் இம்முயற்சியில் இறங்கினார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. அதை வரலாறாகக் கொள்ள நான் துணியேன். ஆனால் அத்தகைய ஒருவரை அறியாத போதகர் அரிதென்பதால், அந்தக் கதை நிலைத்ததில் வியப்பில்லை.

சோதனை எளியது. வீட்டு முன்பந்தலிலிருந்து ஏறக்குறைய 40 பவுண்டு கருந்திராட்சை பறிக்கப்பட்டது. மனைவியும் 17 வயது மகன் சார்லசும் உடனிருந்தார்கள். பழங்களைச் சில நிமிடங்கள் அடுப்பில் வேகவைத்து, துணிப்பைகளிலிட்டுப் பிழிந்து, சாற்றை 12 புட்டிகளில் வார்த்தார்கள். ஒவ்வொன்றும் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும் குவார்ட் புட்டி. தக்கையிட்டு, தக்கையின்மேல் மெழுகு வார்த்து, மூடிய புட்டிகளைக் கொதிநீரில் இறக்கினார்கள். இதில் முக்கியமானது வரிசை முறை. முதலில் காய்ச்சிப் பின்பு மூடினால், மூடும் நேரத்துக்குள் காற்றிலும் புட்டியிலும் உள்ள நுண்ணுயிர் உட்புகுந்துவிடும். மூடியபின் சூடாக்கினால், உள்ளே இருப்பது மடியும், வெளியே இருப்பது நுழையாது. பிறகு செய்வதற்கொன்றுமில்லை, காத்திருப்பதைத் தவிர. உயிருள்ள ஈஸ்ட் சிறிதளவு எஞ்சியிருந்தாலும், உண்டாகும் வாயு தக்கையை எறியும், அல்லது புட்டியை உடைக்கும். வாரங்கள் கடந்தன. புட்டிகள் உடையவில்லை. திறந்து சுவைத்தபோது சாறு இனிப்பாகவே இருந்தது.

அதற்கு அவர் இட்ட பெயர் 'டாக்டர் வெல்ச்சின் புளியாத திராட்சரசம்'. இனிச் சபைகள் ஆவலோடு வாங்கும் என்று எதிர்பார்த்தார். அவை வாங்கவில்லை. மதுவிலக்கை மேடையில் பேசிய சபைகளும் பழகிய பாத்திரத்தை மாற்றத் தயங்கின. நான்கு ஆண்டுகளுக்குள் வெல்ச் மனம் தளர்ந்து பல் மருத்துவத்துக்கே திரும்பினார். 1875இல் மகன் சார்லஸ் அதை மீண்டும் கையிலெடுத்தார். அதன்பின் நடந்தது பெரும்பாலும் வணிக வரலாறு. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஆயிரக்கணக்கானோர் அதைச் சுவைத்தனர். பெயரிலிருந்து 'ரசம்' நீங்கி 'திராட்சைச் சாறு' ஆயிற்று. 1897இல் நியூயார்க் மாநிலத்து வெஸ்ட்ஃபீல்டில் ஆலை எழுந்தது. தந்தை 1903இல் காலமானார். மகன் 1916இல் மதுவிலக்குக் கட்சியின் சார்பில் நியூயார்க் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். நமக்கு வேண்டியது இவ்வளவே: நூலில் மட்டும் இருந்த ஒரு கொள்கைக்கு, எந்த மாதத்திலும் எந்தச் சபையும் வாங்கத்தக்க ஒரு புட்டி கிடைத்தது. புட்டி கிடைத்தபின், கொள்கை சரிதானா என்று கேட்போர் குறைந்துபோயினர்.

நாம் கேட்க வேண்டும். ஏனெனில் கொள்கை சரியன்று என்பதே என் கருத்து. பலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் நடைபெறுவது. பஸ்காவோ இளவேனிலில் வருவது. இடையில் ஆறேழு மாதங்கள். தக்கையும் மெழுகும் கொதிநீரும் சேர்ந்த வெல்ச்சின் முறை இல்லாத உலகில், பிழிந்த சாறு அத்தனை மாதங்கள் சாறாகவே எப்படி நிற்கும்? பாகாகக் காய்ச்சி வைக்கும் வழக்கம் ரோமருக்குத் தெரிந்திருந்தது உண்மையே. ஆனால் பஸ்கா மேசையில் நீர் கலந்து பரிமாறப்பட்ட நான்கு பாத்திரங்கள் ரசத்தைக் கொண்டவை என்பதே யூத மரபின் சாட்சி. புளிப்பு விலக்கப்பட்ட பண்டிகையில் புளித்த ரசம் இருக்கலாமா என்பது மதுவிலக்காளர் விரும்பி எழுப்பிய வினா. விலக்கப்பட்டது தானியப் புளிப்பே. பஸ்காவில் அகற்ற வேண்டியவற்றுள் தானியம் சேர்ந்த மேதிய நாட்டு பீரை மிஷ்னா சேர்க்கிறது. திராட்சரசத்தையோ ஏழைக்கும் தவறாது கொடுக்கச் சொல்கிறது. கொரிந்து சபையின் மேசையில் சிலர் வெறித்திருந்தார்கள் என்று பவுல் கண்டிக்கும்போது, பாத்திரத்தில் என்ன இருந்தது என்பது விளங்குகிறது. அவர் ஒழுங்கைத் திருத்துகிறாரேயன்றிப் பானத்தை மாற்றச் சொல்லவில்லை.

மறுதரப்புக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவிருந்து ஏற்படுத்தப்பட்ட வரலாற்றைக் கூறும் பகுதிகளில் சுவிசேஷகர் எவரும் 'ஓய்னோஸ்' என்னும் சொல்லைப் பயன்படுத்தவில்லை. பாத்திரம் என்றும், திராட்சைக்கொடியின் பலன் என்றுமே கூறுகின்றனர். கொடியின் பலன் என்பது யூதரின் ஸ்தோத்திர ஜெபத்தில் ரசத்துக்கு வழங்கும் பெயரே என்பது உண்மை. எனினும் அச்சொல் சாற்றையும் விலக்காது. நம் பழைய மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் திராட்சப்பழரசம் என்கிறது. கானா ஊரில் 'ஓய்னோஸ்' திராட்சரசமாகிறது. எபேசியர் 5:18இல் அதே 'ஓய்னோஸ்' மதுபானமாகிறது. ரசம் என்னும் தமிழ்ச்சொல் பிழிந்ததையும் குறிக்கும், வடித்ததையும் குறிக்கும். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் நூல் நூலாக எழுதிச் சண்டையிட்ட வினா தமிழ்ச் சபையாருக்கு வினாவாகவே தோன்றாமற்போனதற்கு மொழிபெயர்ப்பாளரின் இச்சொல்லும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

அப்படியானால் வெல்ச் செய்தது பிழையா? அன்று. அவர் செய்தது சரி. அதற்கு அவர் காலத்தவர் சொன்ன காரணமே பிழை. கர்த்தர் புளியாத சாற்றைத்தான் அருந்தினார் என்று நிறுவ முற்பட்டபோது, வரலாற்றை நம் விருப்பத்துக்கு வளைத்தார்கள். ரோமர் 14இலும் 1 கொரிந்தியர் 8இலும் பவுல் காட்டும் வழியோ திறந்தே கிடந்தது. அவர் இறைச்சி தீட்டென்று மெய்ப்பிக்க முயலவில்லை. தீட்டில்லை என்று அறிந்தே, சகோதரன் இடறுவானாயின் அதை விட்டுவிடுவதாகக் கூறுகிறார். உரிமை உண்டென்று ஒப்புக்கொண்டு அதைக் கையளிப்பதற்கும், உரிமையே இல்லையென்று வாதிடுவதற்கும் வேறுபாடு மிகுதி. இரண்டாவது வழியை மேற்கொண்டவர்கள் ரசம் அருந்திய சபைகளைப் பாவத்துக்கு உடந்தையாகக் கண்டார்கள். எதிர்ப்புறத்திலும் குற்றம் உண்டு. 1888இல் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கப் பேராயர்கள், புளியாத சாற்றைப் பயன்படுத்துவதற்குக் கர்த்தருடைய முன்மாதிரியில் ஆதாரமில்லை என்றும், பொதுத் திருச்சபையின் வழக்கத்திலிருந்து அனுமதியின்றி விலகுவதாகும் என்றும் தீர்மானித்தார்கள். வரலாற்று நோக்கில் அவர்கள் சொன்னது சரியே. ஆனால் மேசைக்கு வர அஞ்சிய குடிநோயாளிக்கு அத்தீர்மானத்தில் ஒரு சொல்லும் இல்லை.

பாஸ்டரின் விஞ்ஞானம் அத்தோடு நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் ரசத்தில் மட்டுமன்றி உதடுகளிலும் உண்டென்று தெரிந்தபோது, பொதுப் பாத்திரமே ஐயத்துக்குள்ளாயிற்று. 1890களில் அமெரிக்கச் சபைகளில் தனிக் கிண்ணங்கள் பரவின. சாராயச் சத்தில்லாத சாறு நோய்க்கிருமியைச் சிறிதும் தடுக்காதென்னும் எண்ணம் அம்மாற்றத்தைத் தூண்டியது. இடறும் சகோதரனும் பங்குபெற வேண்டும் என்று தொடங்கிய சீர்திருத்தத்தின் பின்னாலேயே, சகோதரன் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைக்கத் தயங்கும் வழக்கம் வந்தது. இதற்கு வெல்ச்சைக் குறைகூற இயலாது. ஆயினும் எனக்கு இது வருத்தந்தருவதே.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, லாம்பெத் தீர்மானத்தின் மரபில் வந்த ஆங்கிலிக்கரும், புளியாத சாற்றுக்குப் பழகிய மெதடிஸ்டாரும் ஒரே மேசையைச் சுற்றி நின்றார்கள். அப்போது சென்னை மாகாணமோ 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை 1948க்குள் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கிக்கொண்டிருந்தது. பேராயர் பதவியைப்பற்றியும் அபிஷேகத்தைப்பற்றியும் 28 ஆண்டுகள் உரையாடிய திருச்சபைகள், பாத்திரத்தில் இருப்பது எதுவென்பதை ஐக்கியத்துக்குத் தடையாக்கிக்கொள்ளவில்லை. கிராமச் சபைகள் பலவற்றில் இன்றும் அதற்கு விடை தருவது சனிக்கிழமை மாலை ஊறவைக்கப்படும் உலர்ந்த திராட்சையே.

நான் முதன்முதலாகப் போதகராக அனுப்பப்பட்ட சபையிலும் அதுவே வழக்கம். உபதேசியாரின் மனைவி காய்ச்சி வடித்துத் தருவார். ஒருமுறை எதிர்பாராத மரணத்தால் திருவிருந்து ஆராதனை ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. வடித்த சாறு வீணாக வேண்டாமென்று நானே அதைப் புட்டியில் ஊற்றித் தக்கையிட்டு வெஸ்ட்ரி அலமாரியில் வைத்தேன். மூடியபின் சூடாக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு அங்கி அணியும் வேளையில் அலமாரிக்குள் தக்கை தெறித்தது. முகர்ந்து பார்த்தோம், ஐயத்துக்கிடமில்லை. அன்று முன்வரிசையில், பல்லாண்டுக் குடியைவிட்டு எட்டு மாதமே ஆன ஒருவர் அமர்ந்திருந்தார். வாடையே தமக்குப் போதும் ஐயா என்று அவர் முன்பொருநாள் என்னிடம் சொல்லியிருந்தார். உபதேசியார் புட்டியைக் கிணற்றடியில் கவிழ்த்தார். அவர் மனைவி வீட்டுக்கு ஓடிப் புதிதாக அடுப்பு மூட்டினார். அன்று பிரசங்கம் ஏன் அத்தனை நீண்டதென்பது சபையாருக்குத் தெரியாது. சாறு வெளிறித்தான் இருந்தது, இளஞ்சூடும் ஆறவில்லை. அவர் பாத்திரத்தை இரு கைகளாலும் பிடித்துப் பருகினார். வார்க்காமல் மீந்ததைப் புட்டியில் அடைக்க எவரும் முன்வரவில்லை.